எண் இல்லாத நாடா

“காலையில என்னாத்தா தின்ன?” என்று கேட்டுவிட்டு முத்துப்பேச்சி பதிலுக்குக் காத்திருக்கிறார். அவருடைய இரண்டு கைகளும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் இடுப்பைச் சுற்றி நிற்கின்றன. கைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பாவாடை நாடா. சிறுமி வயிற்றை எக்கிப் பிடித்திருக்கிறாள். “இட்லி” என்கிறாள், உதடு மட்டும் அசைய. “எத்தன?” “ரெண்டு.” “தொட்டுக்கிற?” “தக்காளிச் சட்னி. எனக்கு வச்ச சட்னியையும் அக்கா எடுத்துத் தின்னுட்டா. அவ எப்பவுமே இப்பிடித்தேன்…” இந்த இடத்தில் மூச்சு வெளியே வந்துவிடுகிறது, வயிறும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. நாடா அதன்மேல் படிகிறது. சுண்டுவிரல் நுழைகிற அளவு இடம் விட்டு, அங்கே ஒரு முடிச்சு. அளவு எடுத்தாயிற்று. அக்கா மீதான புகார் இன்னும் ஐந்து நிமிடம் ஓடுகிறது. முத்துப்பேச்சி அதையும் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறார்.

“பேசிக்கிட்டே வயித்த எக்க முடியாது சார். நீங்களே செஞ்சு பாருங்க” என்றார் ஒருநாள். நான் கடையிலேயே செய்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

வீரபாண்டியில் கோயிலுக்குத் திரும்புகிற சாலையில், தேங்காய் பழக் கடைக்கும் செல்போன் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே அவருடைய தையல் கடை. ஒரு மிஷின், அவர், அளவு கொடுக்க வந்த ஒருவர். இவ்வளவுக்குத்தான் இடம். இரண்டாவதாக வருகிறவர் ரோட்டில்தான் நிற்க வேண்டும். முத்துப்பேச்சிக்கு நாற்பத்து நான்கு வயது. கணவர் பொன்னுராஜ் திராட்சை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். முத்துப்பேச்சியின் ஜாக்கெட்டில் முதுகு ஒரு நிறம், கை ஒரு நிறம். வெட்டி மிஞ்சிய துணியில் தைத்துக்கொள்வது. ஊருக்கெல்லாம் மேட்சிங் தைத்துக் கொடுக்கிறவருக்குத் தனக்கு மட்டும் அது தேவைப்படவில்லை.

கடையின் சுவரில் ஆணி வரிசை. ஆணிக்கு ஒன்றாக வெள்ளை நாடா தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் முடிச்சுகள், ஊக்கு குத்திய ஒரு பெயர்ச்சீட்டு. முப்பது நாற்பது இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இதை நேர்த்திக்கடன் சமாச்சாரம் என்று நினைத்து நாடா விலை கேட்டிருக்கிறார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டே போனாராம். “நான் என்னத்தச் சொல்ல, நல்லாயிருங்கன்னேன்” என்கிறார் முத்துப்பேச்சி.

அவர் கழுத்திலும் எல்லா டெய்லர்களையும் போல இஞ்ச் டேப் கிடக்கிறது. பெரியவர்களுக்கு அதுதான். பன்னிரண்டு பதின்மூன்று வயது வரைக்கும் பெண்பிள்ளைகளுக்கு நாடா. பிள்ளை வீட்டுக்குப் போன பிறகுதான் நாடாவை மேசையில் நீட்டி, டேப்போடு ஒட்டவைத்து, அளவை நோட்டில் எழுதுவார். வேலை இரட்டிப்பு. ஏன் இப்படி என்று நான் மூன்று மாதம் கேட்டுப் பார்த்தேன். “உங்களுக்கெதுக்கு சார் அது? நீங்க பேண்ட்டத் தேனியில குடுத்துத் தைக்கிறவுக” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நான் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். என் மகளின் பாவாடையைச் சாக்கு வைத்துத்தான் இந்தக் கடைக்குப் போய்வந்தேன்.

கண்ணால் அளவெடுக்கிற வியாதி ஒன்று அவருக்கு உண்டு. கம்பம் பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டுக்காரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே “சோல்டரு பதினாலு, கழுத்து இன்னும் அரை எறக்கலாம்” என்று முணுமுணுப்பார். டி.வி.யில் சீரியல் ஓடினால் கதை தெரியாது, யார் ஜாக்கெட் எங்கே இழுக்கிறது என்று தெரியும். ஜிப் பிடிக்காது. “ஊக்குக் கைவிடாது சார். ஜிப்பு ஒருநா கால வாரும்.” குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார், பழகாதவர்களுக்குப் பாதி புரியாது. சிறுபிள்ளைகளுக்குத் தைத்தால், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், உள்தையலில் ஒன்றரை இஞ்ச் துணியை மடித்து விட்டுவிடுவார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். “துணி காத்துக்கெடக்கும். பிள்ள வளந்து வரட்டும்” என்பார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், மின்வெட்டு நேரம், பக்கத்துக் கடையின் தேங்காய்க் குவியல்மேல் போர்த்தியிருந்த பழைய ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். ஒரு சிறுமியின் முகம், தலையில் கிரீடம். “அட, இந்தப் போட்டிக்கு நானும் ஜட்ஜா உக்காந்தேன்” என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். முத்துப்பேச்சியின் கால் மிதிப்பதை நிறுத்தியது. உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். “அப்ப, பதினேழாம் நம்பரு வரலன்னு மைக்குல மூணு தடவ கூப்புட்டது உங்க ஆளுகதேனா?” என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் சொல்வதற்கு முன், அந்தப் போட்டி என்னவென்று சொல்ல வேண்டும். 2005 மே மாதம், தேனியில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று நடத்திய ‘குட்டி இளவரசி’. ஐந்து வயது முதல் பத்து வயதுக்குள் முப்பத்தொரு பெண்குழந்தைகள். நடுவர்கள் மூன்று பேர். பத்திரிகையில் பேர் வருகிறவன் என்பதால் நானும் ஒருவன். கொடுத்த தாளில் நடை, உடை, புன்னகை, பதில் என்று நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மே மாத வெக்கையில் ரோஸ் பவுடர் வழிய, அம்மாக்களின் செருப்பைவிட உயரமான செருப்பில் பிள்ளைகள் ஆடி ஆடி நடந்துவந்தார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்தி வாயைத் திறக்காமலே சிரித்தாள், முன்பல் விழுந்திருந்தது. மறைக்கச் சொல்லி யாரோ பழக்கியிருந்தார்கள். நான் புன்னகைக்கு நான்கு போட்டேன். ஏழு வயதில் விழாமல் அந்தப் பல் வேறு எப்போது விழும்? அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பதினேழாம் எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்கள். மேடை காலியாகக் கிடந்தது. ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு, எனக்கு வைத்திருந்த பன்னீர் சோடாவைக் குடித்தேன்.

பதினேழாம் எண்ணின் பெயர் அபிதா. அப்போது எட்டு வயது. முத்துப்பேச்சியின் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா தேனியில் காய்கறிக் கமிஷன் கடையில் இருந்தார். அம்மா அனுசுயா. முத்துப்பேச்சியை அனுசுயா ‘மதினி’ என்பாள், பிள்ளை ‘அத்தை’ என்பாள், உறவில்லை, பழக்கம்தான்.

“அனுசுயாவ யாரும் குத்தம் சொல்லப்படாது சார்” என்று ஆரம்பித்தார் முத்துப்பேச்சி. “அவளப் பொண்ணு பாக்க வந்தவுக நாலு பேரு பலகாரத்தத் தின்னுட்டு, நெறம் பத்தாதுன்னு போனாக. எம்பிள்ளையப் பாத்து ஒருத்தன் அப்பிடிச் சொல்லிறக் கூடாதுன்னு அவளுக்கு ஒரு வெறி. ஒரு வருசமா பிள்ளையக் கூட்டிக்கிட்டு, கம்பத்துல ஒரு போட்டி, பெரியகுளத்துல ஒரு போட்டின்னு போனா. எல்லா ஃப்ராக்கும் நாந்தேன் தச்சேன்.”

அந்த ஒரு வருடத்தில் பிள்ளைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மேடையில் மார்க் போடுவதைப் பார்த்துப் பார்த்து, டெய்லர் கடையில் சொல்கிற எண்ணையும் மார்க் என்றே எடுத்துக்கொண்டாள். டேப்பைச் சுற்றியதும் “என் மார்க்கு எத்தன அத்த?” என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தில் கூடினால் நல்லது, இங்கே குறைந்தால் நல்லது என்பதையும் அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். முத்துப்பேச்சி அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். வருகிறவர்களிடம் சொல்லியும் சிரித்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேனிப் போட்டிக்கு இருபது நாள் முன்னால் அளவெடுக்க வந்தார்கள். சித்திரைத் திருவிழா நெருக்கம். ஊர்ப் பெண்கள் எல்லோருடைய ஜாக்கெட்டும் கடையில் குவிந்து கிடந்தது. நல்ல டேப் எந்தத் துணிக்கு அடியில் போனதோ, கைக்கு அகப்படவில்லை. மேசை டிராயரிலிருந்து பழைய டேப்பை எடுத்தார். அதற்கு முனையில் பித்தளைத் தகடு கிடையாது. முந்தின தீபாவளி அவசரத்தில் துணியோடு சேர்த்து வெட்டி, முதல் இஞ்ச் போய்விட்டது. ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதனால் டேப் காட்டுவதில் ஒன்றைக் கழித்து எழுதிக்கொள்வார். டெய்லர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை, கை தானாகச் செய்துவிடும். அபிதாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, மறக்காமலிருக்க “இருபத்திரெண்டு” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போய், நோட்டில் இருபத்தொன்று என்று எழுதினார். சரியான அளவு. போன தடவையும் அதேதான்.

“போன தடவ இருபத்தொண்ணுதேன மதினி, ஒரு இஞ்சு கூடிருச்சே” என்று அனுசுயா பின்னாலிருந்து சொன்னாள். முத்துப்பேச்சியின் வாயில் ஊசிகள் இருந்தன. “ம்” என்றார்.

அந்த ‘ம்’ போதுமானதாக இருந்தது. அனுசுயா நிறுத்தியது பாலையும் இனிப்பையும் மட்டும்தான். மிச்சத்தை எட்டு வயதுப் பிள்ளையே பார்த்துக்கொண்டாள். கோடை விடுமுறை, அம்மா சமையலில் இருக்கும்போது தட்டுச் சோறு கொல்லைக் கோழிக்குப் போயிற்று. தண்ணீரைக் குடித்துவிட்டுப் பசியில்லை என்றாள். நடக்கும்போதும் தூங்கும்போதும் வயிற்றை எக்கியே வைத்திருந்தாள். வீட்டில் உள்ளவர்கள் வெயிலால் பிள்ளை வாடியிருக்கிறாள் என்று நினைத்தார்கள்.

போட்டி அன்று உடுத்திவிட முத்துப்பேச்சியும் கூடப் போயிருந்தார். மண்டபத்தின் பின்னறையில் ஃப்ராக்கை மாட்டினால், இடுப்பில் இரண்டு விரல் தாராளமாகத் தொங்குகிறது. முத்துப்பேச்சிக்கு முதலில் தொழில் கோபம். என் அளவு தப்பாதே என்று கழுத்திலிருந்த நல்ல டேப்பை எடுத்துச் சுற்றினார். இருபது கூட இல்லை.

“என்னாத்தா இது, இப்பிடித் தொங்குது?”

“கொறச்சிட்டேன் அத்த.”

“எத?”

“மார்க்கத்தேன். நீங்க இருபத்திரெண்டுன்னு சொன்னீகள்ல. அம்மா பாத்துக்கலாம்னுச்சு. நானே கொறச்சிட்டேன்.” சொல்லிவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தாள். உதட்டுச் சாயத்துக்குக் கீழே உதடு வெடித்திருந்தது.

முத்துப்பேச்சி இதை என்னிடம் சொல்லும்போது மேசையிலிருந்த ஊசிகளைச் சேர்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார். “எனக்கு அங்கன நிக்கவே முடியல சார். அவ கொறச்சாளே, அந்த இஞ்சு, அது அவ ஒடம்புலயே கெடையாது. அது என் கத்தரிக்கோலு தின்ன இஞ்சு. இல்லாத ஒரு இஞ்சுக்கு ஒரு பச்சப்பிள்ள இருவது நாளு பட்டினி கெடந்திருக்கு.”

மைக்கில் பதினேழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். “மதினி, ஊக்கு மாட்டி இழுத்துவிடுங்க, கூப்புடுறாக” என்றாள் அனுசுயா. ஊக்கு முத்துப்பேச்சியின் கையில்தான் இருந்தது. “மாட்ட மாட்டேன் அனுசு” என்றார். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். அனுசுயா அழுதாள், திட்டினாள், தானே ஊக்கைப் பறிக்கப் பார்த்தாள். முத்துப்பேச்சி அதற்குள் ஃப்ராக்கின் முதுகு ஜிப்பை இழுத்தார். அனுசுயா பிடிவாதமாகக் கேட்டு வைக்கச் சொன்ன ஜிப் அது. சிக்காமல் சரசரவென்று இறங்கியது. “அன்னிக்கு ஒருநாத்தேன் ஜிப்பு சொன்னபடி கேட்டுச்சு” என்கிறார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, பதினேழாம் எண் வீட்டில் போடுகிற பூப்போட்ட கவுனில், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்வாசல் வழியாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

எதிர் ஓட்டலில் தயிர்சாதம் வாங்கி வைத்தார். பிள்ளை இரண்டு வாய் தின்றது. மூன்றாவது வாயைக் கையில் எடுத்துக்கொண்டு, “இது எத்தன மார்க்கு கூடும் அத்த?” என்று கேட்டது. நான் மேடைக்கு முன்னால் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்த நேரம் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அனுசுயா பத்து மாதம் கடைப்பக்கம் திரும்பவில்லை. ஆனால் பிள்ளையை டாக்டரம்மாவிடம் காட்டினாள், சொன்னதைச் செய்தாள், போட்டிப் பேச்சை எடுக்கவில்லை. சோறு மெதுவாகத்தான் இறங்கியது. பயந்துகொண்டே தின்னும், தின்றுவிட்டு அத்தை கடைக்கு ஓடி வரும், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். “மார்க்குப் பாருங்கத்த.” பார்க்க மாட்டேன் என்றால் நகராது. பழைய டேப்பை முத்துப்பேச்சி எப்போதோ முல்லையாற்றில் விட்டுவிட்டார். புது டேப்பை எடுக்கவும் கை வரவில்லை. ஒருநாள் பாவாடைக்கு வாங்கி வைத்திருந்த நாடாச் சுருளிலிருந்து ஒன்றரை கஜம் வெட்டி, பிள்ளையின் இடுப்பைச் சுற்றினார்.

“இதுல நம்பரே இல்லியே அத்த.”

“இல்ல.”

“அப்ப மார்க்கு?”

“இதுல பாஸு பெயிலு கெடையாது ஆத்தா. முடிச்சு மட்டுந்தேன். இது ஆடி முடிச்சு. அடுத்து ஆவணிக்கு வா, இன்னொண்ணு போடுவோம்.”

ஆவணிக்கு வந்தாள். ஆவணி முடிச்சு, ஆடி முடிச்சுக்கு ஒரு நெல் அளவு தள்ளி விழுந்தது. அதைப் பார்த்துப் பிள்ளை பயப்படவில்லை. சுவரில் உயரம் குறித்துவைப்பார்களே, அப்படி ஏதோ என்று எடுத்துக்கொண்டது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. முடிச்சுகள் தள்ளித் தள்ளிப் போயின. பங்குனியில் அனுசுயா வந்தாள். தன்னுடைய ஜாக்கெட் ஒன்றை மேசையில் வைத்தாள். “பிரிச்சுவிடணும் மதினி, இறுக்குது” என்றாள். முத்துப்பேச்சி அப்போதே பிரித்துக் கொடுத்தார். அவர்களுக்குள் நடந்த சமாதானம் அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் ஒரு சாயங்காலம், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை முத்துப்பேச்சியே முடிச்சுப் போடக் கூப்பிட்டார். “இருங்கத்த, வாரேன்” என்று கத்திவிட்டு ஓடியவள், இருட்டியும் வரவில்லை. மறந்துவிட்டாள். “அன்னிக்கு நான் பட்ட சந்தோசம், எங்க வீட்டுக்காரரு வேன் வாங்குனப்பக்கூட படல சார்” என்கிறார். பொன்னுராஜை அனுப்பி அல்வா வாங்கிவரச் சொல்லி, ரீசார்ஜ் கடைக்கும் தேங்காய்க் கடைக்கும் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்த நான், என்னிடமிருந்த அந்தப் போட்டியின் நடுவர் பேட்ஜைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. போட்டியும் மூன்று வருடத்தோடு நின்றுபோயிருந்தது.

போன சனிக்கிழமை மகளின் பாவாடையை வாங்கப் போயிருந்தேன். முத்துப்பேச்சி பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் பேப்பரில் சுற்றிய பன்னீர் திராட்சை, தோளில் நீல நிற ட்ராக் பேண்ட். முழங்காலில் ஆறிக்கொண்டிருந்த சிராய்ப்பு. முத்துப்பேச்சி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அபிதா. பன்னிரண்டு வயது.

“அத்த, ஸ்கூல்ல குடுத்த பேண்டு நிக்க மாட்டேங்குது. கோகோவுல வெரட்டும்போது எறங்கிருது, எல்லாரும் சிரிக்கிறாளுக. எலாஸ்டிக்க உருவிப் போட்டுட்டு நாடா வச்சுக் குடுங்க. நாளைக்கு மதுரைக்குப் போறோம், மேட்ச்சு.”

“இரு, அளவு பாத்துக்கிறேன்” என்று முத்துப்பேச்சி ஆணியில் தொங்கிய அவளுடைய நாடாவை நோக்கிக் கையை நீட்டினார்.

“அது எதுக்கு, கழுத்துல கெடக்குற டேப்ப வைங்கத்த. சட்டுனு ஆகட்டும், ஸ்கூல்ல பி.டி. சார் காத்துக் கெடக்குறாக.”

முத்துப்பேச்சியின் கை பாதியில் நின்றது. பிறகு கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, முனையிலிருந்த பித்தளைத் தகட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அபிதாவின் இடுப்பைச் சுற்றினார். காலையில் என்ன தின்றாய் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் ஒவ்வொரு பழமாக வாயில் போட்டு, கொட்டையை உள்ளங்கையில் துப்பியபடி, எதிரணியில் ஒருத்தி கம்பத்தைச் சுற்றும்போது எப்படி வழுக்கி விழுந்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இருபத்தி நாலரை” என்றார் முத்துப்பேச்சி, உரக்க.

நான் என் வயிற்றை எக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அபிதாவின் காதில் அந்த எண் விழுந்ததாகவே தெரியவில்லை. “விழுந்தவளத் தூக்கிவிடப் போனா, அவ என்னயத் தொட்டுப்புட்டா அத்த, அவுட்டு” என்று சொல்லிவிட்டு, அடுத்த பழத்தை எடுத்தாள். எனக்கும் நான்கு பழம் கொடுத்தாள்.

முத்துப்பேச்சி புது நாடாச் சுருளை எடுக்கவில்லை. எழுந்து போய், ஆணியிலிருந்து அபிதாவின் நாடாவைக் கழற்றினார். பெயர்ச்சீட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். முடிச்சுகள் பதினொன்று. நாலு வருடத்தில் அவை கெட்டிப்பட்டுப் போயிருந்தன. ஆடி முடிச்சை ஊசி முனையால் நெம்பி, பல்லால் கடித்து அவிழ்த்தார். அடுத்து ஆவணி. கடைசி முடிச்சும் அவிழ்ந்ததும், நாடாவை மேசையில் நீவிவிட்டு, நுனியில் ஊக்கைக் குத்தி, அந்த ட்ராக் பேண்ட்டின் இடுப்பு மடிப்புக்குள் கோக்க ஆரம்பித்தார்.